வரியா, சிக்கனமா? சென்னை ஆளுநரின் மறுப்பு

1857 கிளர்ச்சியை அடக்கிய செலவால் இந்திய அரசின் கருவூலம் பெரும் பற்றாக்குறைக்கு உள்ளாயிற்று. அதனை ஈடுசெய்ய நிதி உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன் 1860இல் வருமான வரியைக் கொணர்ந்தார்; ஆண்டுக்கு 200 ரூபாய் ஈட்டியவரும் தப்பவில்லை. படைச் செலவைக் குறைப்பதே வழி என்றார் சென்னை ஆளுநர் சார்லஸ் ட்ரெவெலியன். (அயர்லாந்துப் பஞ்சத்தில் நிவாரணச் செலவைச் சுருக்கியவரும் இவரே.) தம் மறுப்பை நாளிதழ்களில் வெளியிட்டதால் இலண்டன் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. வரி நிலைத்தது. பின்னர் அவரே நிதி உறுப்பினராக மீண்டார். 1865இல் அவ்வரி காலாவதியாயிற்று. உப்பு வரியோ நீங்கவில்லை. தாம்பரத்திற்குத் தென்கிழக்கே கோவளத்தில் விளைந்த உப்பை வாங்கிய ஏழை, 200 ரூபாய் வருமானத்தைக் கண்டறியாதவராயினும், அரசின் பற்றாக்குறைக்குத் தம் பங்கைச் செலுத்தியே வந்தார்.