வீட்டிலேயே சாலட் டிரஸ்ஸிங் தயாரிப்பது எப்படி? கெடாமல் காப்பது எப்படி?



வெள்ளரி, தக்காளி, கேரட் எல்லாம் நம் தோட்டத்தில் விளைகின்றன. அவற்றை நறுக்கிச் சாலட்டாகச் சாப்பிடும்போது, சுவைக்காக ஊற்றிக் கலக்கும் டிரஸ்ஸிங்கை மட்டும் கடையில் பாட்டிலாக வாங்குகிறோம். அதற்கு வேண்டிய எண்ணெய், எலுமிச்சை, தயிர், நிலக்கடலை, புதினா ஆகியவை பெரும்பாலும் நம் வீட்டிலேயே இருக்கின்றன.

பயிற்சிக்கு வரும் மகளிர் குழுவினர் பலரும், "இதைப் பாட்டிலில் அடைத்து விற்கலாமா?" என்று கேட்கிறார்கள். விற்கலாம். ஆனால் அதற்கு முன், எது கெடும், ஏன் கெடும் என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

எண்ணெய் எதற்கு?

கேரட், கீரைகளில் உள்ள கரோட்டின் சத்து கொழுப்பில் கரையக்கூடியது. இந்தச் சத்திலிருந்துதான் நம் உடல் வைட்டமின் ஏ தயாரித்துக்கொள்கிறது. சிறிதளவு எண்ணெய் சேர்த்தால் இச்சத்து உடலில் நன்றாகச் சேரும்.

1. எலுமிச்சை டிரஸ்ஸிங்

செக்கு நல்லெண்ணெய் அல்லது கடலெண்ணெய் 3 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 1 முதல் 1½ மேசைக்கரண்டி, கடுகுத்தூள் ¼ தேக்கரண்டி, தேன் 1 தேக்கரண்டி, உப்பு, மிளகுத்தூள் தேவைக்கேற்ப. அனைத்தையும் மூடியுள்ள பாட்டிலில் போட்டு ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். எண்ணெயும் சாறும் விரைவில் பிரிந்துவிடாமல் கடுகுத்தூள் ஓரளவு பிடித்து வைக்கும்.

2. தயிர் - புதினா டிரஸ்ஸிங்

ஒரு கப் தயிரைத் துணியில் கட்டி 2 மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து நீரை வடியுங்கள். ஒரு கைப்பிடி புதினா, மல்லித்தழை, ஒரு பச்சை மிளகாய், வறுத்த சீரகம், உப்பு ஆகியவற்றை அரைத்து அதில் கலக்குங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து 2 நாட்களுக்குள் பயன்படுத்துங்கள்.

3. நிலக்கடலை டிரஸ்ஸிங்

வறுத்துத் தோல் நீக்கிய கடலை ¼ கப், எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி, சிறிது வெல்லம், உப்பு, காய்ந்த மிளகாய் சேர்த்து, தண்ணீர் விட்டு விழுதாக அரையுங்கள். பூஞ்சை பிடித்த, சுருங்கிய, நிறம் மாறிய பருப்புகளைக் கட்டாயம் நீக்குங்கள். அவற்றில் உள்ள அஃப்ளடாக்சின் நஞ்சு வறுத்தாலும் முழுமையாக அழியாது. இந்த டிரஸ்ஸிங்கை அன்றே பயன்படுத்திவிடுங்கள்.

பூண்டு சேர்ப்பவர்கள் கவனத்துக்கு

பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊறவைத்து அலமாரியில் வைக்காதீர்கள். பூண்டு மண்ணுக்கடியில் விளைவது. அதில் 'க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம்' என்ற நுண்ணுயிரியின் வித்துகள் ஒட்டியிருக்கலாம். எண்ணெய்க்குள் காற்று இல்லை, புளிப்பும் இல்லை. அத்தகைய இடத்தில் வித்துகள் முளைத்து நஞ்சை உண்டாக்கும். நிறமோ மணமோ மாறாமலும் இருக்கலாம். ஆனால் இந்த நஞ்சு நரம்புகளைத் தாக்கி உயிரையே பறிக்கக்கூடியது. பூண்டு எண்ணெய் தயாரித்தால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து 4 நாட்களுக்குள் தீர்த்துவிடுங்கள்.

"நம் பூண்டு ஊறுகாய் மாதக்கணக்கில் கெடுவதில்லையே?" என்று கேட்கலாம். அதில் புளிப்பும் உப்பும் அதிகம். அமில காரத் தன்மை 4.6-க்குக் கீழே இருந்தால் இந்த நுண்ணுயிரி வளராது. எனவே புளிப்பைக் குறைத்துச் செய்யும்போதுதான் ஆபத்து அதிகம்.

முட்டை வேண்டாம்

பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் வரலாம். இதனால்தான் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு அதன் தயாரிப்பையும் விற்பனையையும் தடை செய்தது. கெட்டியான டிரஸ்ஸிங் வேண்டுமென்றால் வடித்த தயிரே போதும்.

விற்க நினைப்பவர்களுக்கு

சிறிய அளவில் விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு கட்டாயம். எத்தனை நாள் கெடாது என்பதை நாமே ஊகித்து லேபிளில் எழுதக்கூடாது. ஆய்வகத்தில் பரிசோதித்த பிறகே எழுத வேண்டும். உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகினால் வழிகாட்டுவார்கள்.

காய்களைப் பச்சையாகச் சாப்பிடுவதால், பூச்சிமருந்து தெளித்த பின் லேபிளில் குறிப்பிட்டுள்ள காத்திருப்புக் காலம் முடிந்தே பறியுங்கள். ஓடும் நீரில் நன்றாகக் கழுவுங்கள். முதலில் வீட்டுத் தேவைக்கு, அன்றன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் செய்து பழகுங்கள். கை பழகிய பிறகு விற்பனையைப் பற்றி யோசிக்கலாம்.