ஏலத்தில் நாணயத்தின் தரங்காணல்

புழங்கிய பழங்காசின் விலையை அதன் வயதினும் தேய்வே பெரிதும் நிர்ணயிக்கும். நான்காம் ஜோர்ஜ் மன்னர் காலத்தில், 1821இல், இலங்கைக்கென வெளியான வெள்ளி றிக்ஸ் டொலரை எடுத்துக்கொள்வோம். ஒரு புறம் மன்னர் தலை. மறு புறம் யானை.

தேய்வு முதலிற் பற்றுவது மேடான இடங்களையே. ஆதலின் மன்னரின் கூந்தலையும் தலைமாலை இலைகளையும் உருப்பெருக்கியால் நோக்குக. இழைகள் தனித்தனியே தோன்றின் உயர்தரம். மழுங்கி உருவரை மாத்திரம் எஞ்சின் தாழ்தரம்.

மினுமினுப்பைக் கண்டு மயங்கலாகாது. தேய்த்துத் துலக்கிய காசில் நுண்கீறல்கள் தோன்றும், இயற்கை மெருகு இராது, மதிப்புங் குறையும்.

ஏலப் பட்டியல் கூறுந் தரம் விற்போர் தம் கருத்தே. சுத்தியல் விழுந்தபின் வருந்திப் பயனில்லை. ஆதலின் நம் கண் கண்ட தரத்திற்கேற்ற உச்ச விலையை முன்னரே குறித்து, அதனைக் கடவாதிருத்தலே அறிவுடைமை.