இலத்தீனை விலக்கிய சகோதரர்கள்: லா சால் பள்ளிகளின் மொழியும் செபமும்

லா சால் பள்ளிகளில் பயின்ற நம்மவர், தமிழில் பேசும்போதும் தம் ஆசிரியத் துறவியரைப் 'பிரதர்' என்றே குறிப்பிடுவர். இதனை ஆங்கில மோகம் என்று தள்ளிவிடுவதற்கில்லை. உடன்பிறந்த ஆணை வயது வேறுபாடின்றிக் குறிக்க நம் அன்றாட வழக்கில் சொல் இல்லை. அண்ணன் என்போம், அல்லது தம்பி என்போம். மலாயிலும் 'அபாங்', 'அடிக்' என்னும் பிரிவே உண்டு. பொதுச் சொல் தேவைப்பட்டபோது இரு மொழிகளுமே வடமொழியை நாடின. நம் 'சகோதரர்', மலாயின் 'சவுடாரா' ஆகிய இரண்டும் 'ஒரே வயிற்றில் பிறந்தவர்' என்னும் பொருளடியாக வந்தவை. பிரெஞ்சு மொழிக்கு இந்த இடர்ப்பாடு இல்லை. அங்கே 'பிரேர்' என்ற ஒரு சொல்லே மூத்தவரையும் இளையவரையும் குறிக்கும். தம் ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் சகோதரராகவும், பிள்ளைகளுக்கு மூத்த சகோதரராகவும் விளங்கவேண்டும் என்று விரும்பிய ஒருவருக்கு அச்சொல் பொருத்தமாக அமைந்தது.

அவர் ஜான் பாப்டிஸ்ட் டி லா சால். 1651இல் பிரான்சின் ரெய்ம்ஸ் நகரில் செல்வக் குடியில் பிறந்தார், குருவானார், அந்நகர்ப் பேராலயத்தில் மதிப்பும் வருவாயும் மிக்க பதவி வகித்தார். 1679இல் ஏழைச் சிறுவர்களுக்கான இலவசப் பள்ளிகள் ரெய்ம்ஸில் தொடங்க உதவியவர், கல்வியும் ஒழுங்கும் குறைந்த அப்பள்ளி ஆசிரியர்களைத் தம் இல்லத்திலேயே தங்கவைத்துப் பயிற்றினார். குடும்பத்தார் எதிர்த்தனர். 1683இல் பேராலயப் பதவியைத் துறந்தார். அடுத்து வந்த பஞ்சத்தில் தம் செல்வத்தை ஏழைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார். 1719இல் மறைந்த அவரைத் திருச்சபை 1900இல் புனிதராக அறிவித்தது. 1950இல் ஆசிரியர் அனைவருக்கும் பாதுகாவலராக ஆக்கியது.

மொழியியல் நோக்கில் நம்மை ஈர்ப்பது அவர் சபைக்கு வகுத்த ஒரு விதி: சகோதரர்கள் குருக்கள் ஆகலாகாது, இலத்தீன் கற்பிக்கலாகாது. முன்னரே இலத்தீன் அறிந்தவர் சபையில் சேர்ந்தால், அதனை அறியாதவர் போலவே நடந்துகொள்ள வேண்டும். அக்காலத்தில் இலத்தீன் குருத்துவத்தின் வாயில். உயர்கல்வியின் வாயிலும் அதுவே. அவ்வாயிலை அடைத்துவிட்டால் எவரும் பள்ளியை விட்டுப் பீடத்தை நாடிச் செல்லார். தொடக்கத்தில் லா சாலுக்கு இதில் இத்தனை உறுதி இருக்கவில்லை. ஆன்றி லெரோ என்னும் சகோதரரைக் குருவாக்க ஆயத்தம் செய்துவந்தார். அவர் திடீரென இறந்தார். அதனை இறைவன் காட்டிய குறிப்பாகக் கொண்டார் நிறுவனர். இவ்விதி பிற்காலத்தில் பெரும் பூசலுக்கு வித்திட்டது. அமெரிக்காவில் சபையின் கல்லூரிகள் இலத்தீன் கற்பிக்கலாமா என்ற வழக்கு நீண்டகாலம் நடந்து, 1923இல்தான் தடை நீங்கியது.

தடையின் மறுபக்கம் வகுப்பறையில் இருந்தது. அக்காலப் பள்ளிகளில் பிள்ளைகள் முதலில் இலத்தீனையே வாசித்தனர். இலத்தீனில் எழுதிய எழுத்தெல்லாம் ஒலிக்கும். பிரெஞ்சிலோ எழுதியும் ஒலிக்காத எழுத்துகள் மிகுதி. ஆகவே எளிதிலிருந்து தொடங்குக என்பது மரபினர் வாதம். சார்த்தர் நகரின் ஆயரும் சகோதரர்களிடம் அதனையே வலியுறுத்தினார். லா சால் இசையவில்லை. பிள்ளை அறிந்த மொழியில் வாசிப்பைத் தொடங்கினால், பொருள் தெரிவதால் எழுத்தும் விரைவில் பிடிபடும். பிரெஞ்சு வாசிப்பவன் இலத்தீனை எளிதில் வாசிப்பான். தலைகீழாக அது நிகழாது. அனைத்தினும் வலிய காரணம் வறுமை. வேலை செய்யும் வயது வந்ததும் பெற்றோர் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுவர். அவன் பொருள் விளங்காத இலத்தீனை மட்டும் கற்றிருந்தால் அவன் கையில் எஞ்சுவது ஒன்றுமில்லை.

1720இல் அச்சேறிய சபையின் பள்ளி நடத்தைக் கையேடு இக்கொள்கையைப் பாடத்திட்டமாக்குகிறது. எழுத்து அட்டை, அசை அட்டை, பின்னர் பிரெஞ்சு நூல்கள். பிரெஞ்சு வாசிப்பில் தேறிய பின்னரே இலத்தீன் திருப்பாடல்கள். அதனையும் கடந்தவர்களுக்குக் கையால் எழுதிய தாள்கள்: பற்றுச்சீட்டுகள், ஒப்பந்தங்கள். ஏழையை ஏமாற்றுவது பெரும்பாலும் அத்தகைய தாள்தானே.

பக்தியும் இப்பாடவேளைக்குள் பின்னப்பட்டிருந்தது. மாணவர் நாள்தோறும் திருப்பலிக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். மறைக்கல்வி நாள்தோறும் நடந்தது. மணிக்கொரு முறை மணியொலிக்க, வேலை நின்று சிறு செபம் எழும். செபத்தை முன்நின்று சொல்பவன் மாணவனே. ஆசிரியர் பேசுவது அரிது. 'சிக்னல்' என்னும் சிறு கருவியைத் தட்டி வாசிப்புப் பிழையைச் சுட்டுவார். கைகளைக் கூப்பினால் செபம் சொல்லவேண்டும் என்பது பொருள். சிலுவை அடையாளம் வரைந்தால் மறைக்கல்வி. குறியியல் மாணவர் எவரேனும் ஆய்ந்து பார்க்கத்தக்க சைகைத் தொகுதி இது.

இச்சபையினர் 1852இல் சிங்கப்பூருக்கும் பினாங்கிற்கும் வந்தனர். சிங்கப்பூரில் பணியாற்றிய பிரெஞ்சுக் குரு பியூரெல் தாயகம் சென்று வேண்டி அவர்களை அழைத்துவந்தார். புனித ஜோசப் கல்விக்கழகமும் பினாங்கின் புனித சேவியர் கல்விக்கழகமும் அவ்வாண்டின் பயிர்கள். கோலாலம்பூரின் புனித ஜான் கல்விக்கழகம் 1904இல் எழுந்தது. பிராஸ் பாசா சாலையில் கலை அரும்பொருளகமாக மாறிய பழைய பள்ளிக் கட்டடத்தின் முகப்பில், இரு சிறுவருடன் நிறுவனர் நிற்கும் சிலையை மாணவர் கண்டிருப்பர்.

இங்கே பயிற்றுமொழி ஆங்கிலம். பிரெஞ்சுச் சகோதரர்களுக்கும் அது வேற்றுமொழி. தமிழ், சீன, மலாய்ச் சிறுவருக்கும் வேற்றுமொழி. பயன் கருதியே மொழியைத் தேர்ந்தனர் என்று கூறி இதனை நிறுவனர் வழியென்று காட்ட முயல்வாருண்டு. எழுத்தர் வேலைக்கு ஆங்கிலம் பயன்பட்டது உண்மையே. பல குடும்பங்கள் அதனால் உயர்ந்தன. ஆயினும் சார்த்தர் ஆயருக்கு லா சால் தந்த விடையின் உயிர், பிள்ளை ஏற்கெனவே அறிந்த மொழி என்பதே. அந்த அளவுகோலால் அளந்தால், மலாயாவில் ஆங்கிலம் இலத்தீன் இருந்த இடத்தில் அமர்ந்தது என்றே நாம் கருதுகிறோம்.

செபத்தில் இதன் விளைவு நுட்பமானது. லா சால் பள்ளிகள் எங்கும் வழங்கும் மூன்று சிறு வாய்பாடுகள் உண்டு: இறைவனின் திருமுன் இருப்பதை நினைவுகூர்தல், நிறுவனரின் பரிந்துரையை வேண்டல், உள்ளத்தில் இயேசு வாழ்க எனல். பிரெஞ்சில் மூன்றிலும் 'நாம்' என்பதற்கு ஒரே வேர்ச்சொல், ஆங்கிலத்திலும் அவ்வாறே. தமிழில் எழுத முற்பட்டால், கேட்பவரை உளப்படுத்தும் 'நாம்' வேண்டுமா, விலக்கும் 'நாங்கள்' வேண்டுமா என்று முடிவு செய்தாக வேண்டும். மலாயிலும் 'கித்தா', 'காமி' என்னும் அதே கட்டாயம் உண்டு. நம் தோட்டத்து இரப்பர் 'கித்தா' வேறு.

முதல் வாய்பாடு உடனிருப்பவரை நோக்கியது: நாம் நினைவுகூர்வோம். பழந்தமிழில் வினைவிகுதியே உளப்பாட்டைக் காட்டியிருக்கும். இன்றைய '-ஓம்' விகுதி இரண்டிற்கும் பொதுவாதலால், சுமை முழுவதும் 'நாம்' என்ற பெயர் மீது விழுகிறது. இரண்டாவது புனிதரை விளிப்பது: எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். பேச்சில் மறைந்துவரும் 'நீர்' என்னும் மரியாதை நிலை, கத்தோலிக்கச் செபத்தமிழில் உயிரோடிருப்பதையும் இங்கே காணலாம். மூன்றாவதில்தான் மொழிபெயர்ப்பாளர் வழுக்குவர். ஆங்கில வடிவைக் கேட்பவர் அதனை இயேசுவுக்கு இடும் ஏவலாகக் கொள்வது எளிது. பிரெஞ்சு மூலம் அரசனை 'வாழ்க' என்று வாழ்த்தும் அதே வாய்பாடு. ஒருவர் சொல்ல மற்றவர் 'என்றென்றும்' என்று விடை தருவது. ஆகவே இங்கே நமக்குத் தேவை வியங்கோள்: இயேசு நம் உள்ளங்களில் வாழ்க. 'இயேசுவே, எங்கள்' என்று தொடங்கினால் விளிக்கப்படுபவரே மாறிவிடுகிறார்.

சகோதரர் இல்லங்களில் அவர்கள் ஒருவரோடொருவர் பரிமாறிய வாழ்த்து இது. ஆகவே 'நம்' அங்கே ஐயமின்றிப் பொருந்தும். அதே வாழ்த்து பள்ளிக் கூட்டத்தில் ஒலிக்கையில், எதிரே நிற்பவருள் இந்து, பௌத்த, இசுலாமியச் சிறுவரும் இருந்தனர். ஆங்கிலச் சொல் அவரை உள்ளே இழுக்கவுமில்லை, வெளியே நிறுத்தவுமில்லை; சொல்பவன் தனக்குள் முடிவு செய்துகொள்ளலாம். தமிழோ மலாயோ ஆயின் அந்த ஒதுங்கிடம் கிடைத்திராது. 'நம்' என்றால் விரும்பாதவனையும் சேர்த்துக்கொள்வதாகும். 'எங்கள்' என்றால் நண்பனை வரிசைக்கு அப்பால் நிறுத்துவதாகும். இம்மூன்று வாய்பாடுகளையும் வகுப்பில் தந்து, கேட்போர் யாவர் என்பதை முதலில் எழுதச்செய்து, பின்னரே மொழிபெயர்க்கச் செய்வது ஆசிரியர்களுக்கு நல்ல பயிற்சியாக அமையும். மாணவர் விடைகள் ஒன்றுபோல் இரா.