கணினி வரையும் முகமும் எமது வாடிக்கையாளரும்

விளம்பரத்துக்குப் படம் எடுப்பதென்றால் முன்னர் படப்பிடிப்பாளர், மொடல், ஸ்டூடியோ வாடகை என்று செலவு நீளும். இன்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் கணினியே படத்தை வரைந்து தருகிறது. நுகேகொடையில் சிறு கடை நடத்தும் எம்மைப் போன்றவர்களுக்கு இது நல்ல வசதிதான். ஆனால் படத்தில் வரும் முகத்தை நாம் சற்று உற்றுப் பார்க்க வேண்டும்.

2023இல் மிட்ஜேர்னி என்ற மென்பொருள் வரைந்த சில படங்கள் பலராலும் பேசப்பட்டன. வெவ்வேறு நாட்டு, வெவ்வேறு காலத்துப் போர்வீரர்கள் செல்ஃபி எடுப்பது போன்ற படங்கள் அவை. உடை வேறு, நிறம் வேறு. சிரிப்பு மட்டும் ஒன்றே. பல் முழுவதும் தெரியும் அமெரிக்கச் சிரிப்பு! அதே ஆண்டில் ரெஸ்ட் ஒஃப் வேர்ல்ட் என்ற செய்தி நிறுவனம் அந்த மென்பொருளின் 3,000 படங்களை ஆராய்ந்தது. ‘இந்தியர் ஒருவர்’ என்று கேட்டால் அனேகமாகத் தாடி வைத்த வயோதிபரே வந்தார்.

இதற்குக் காரணம் என்ன? இம்மென்பொருட்கள் பழைய படங்களைப் பார்த்தே வரையப் பழகுகின்றன. 2022இல் வெளிவந்த லயன் 5பி என்ற தொகுப்பில் இணையத்திலிருந்து திரட்டிய சுமார் 585 கோடி படங்களுக்கான இணைப்புகள் இருந்தன. அவற்றில் சுமார் 230 கோடி ஆங்கிலக் குறிப்புடன் கூடியவை. ஸ்டேபிள் டிஃபியூஷன் போன்ற மென்பொருள் பெரும்பாலும் இவற்றிலேயே பாடம் படித்தது. எது அதிகமாக இருந்ததோ, அதையே அது திருப்பித் தருகிறது.

பெருநாள் துண்டுப்பிரசுரத்துக்காக நானும் ஒரு மென்பொருளிடம் கேட்டுப் பார்த்தேன். ‘கடை முதலாளி’ என்றதும் சிரித்த முகத்துடன் ஓர் இளைஞர் வந்தார். ‘முஸ்லிம்’ என்ற சொல்லைச் சேர்த்தேன். சிரிப்புப் போய்விட்டது, புருவம் சுருங்கிய கடுத்த முகம் வந்தது.

இது சிறிய விடயமல்ல. 2019 ஏப்ரல் தாக்குதல்களுக்குப் பின்னர் எமது கடைகளைப் பகிஷ்கரிக்கும்படி பிரசாரம் நடந்தது. மே மாதத்தில் மினுவாங்கொடையில் கடைகள் எரிக்கப்பட்டன. சிங்களச் சகோதரர்களின் நம்பிக்கையில் வியாபாரம் செய்யும் நாம், கடுத்த முகத்தை எமது பனரில் நாமே தொங்கவிடலாமா?

கம்பனிகள் திருத்தும் என்று காத்திருக்கவும் முடியாது. பல இனத்தவரையும் காட்ட முயன்ற கூகிளின் ஜெமினி, வரலாற்று மனிதர்களையே பிழையாக வரைந்தது. அதனால் 2024 பெப்ரவரியில் மனிதர்களை வரையும் வசதியைக் கூகிள் தற்காலிகமாக நிறுத்தியது.

ஆகவே வியாபாரச் சகோதரர்களே, படம் கேட்கும்போது வயது, உடையுடன் முகபாவத்தையும் எழுதுங்கள். ‘வாய் மூடிய மென்மையான புன்னகை’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பற்பசை விளம்பரம்தான் வரும். அச்சுக்குக் கொடுக்க முன் ஒரு சிங்கள வாடிக்கையாளரிடமும் ஒரு தமிழ் வாடிக்கையாளரிடமும் காட்டி அபிப்பிராயம் கேளுங்கள். முடியுமானால், உங்கள் கடைச் சிப்பந்தியையே அவரது சம்மதத்துடன் கையடக்கத் தொலைபேசியில் படம் எடுங்கள். கடைக்கு வருபவர் தேடுவது அவருக்குப் பழக்கமான அந்த முகத்தைத்தான்.