குற்றத்தால் இழந்த பணம்: குற்றவாளியிடமிருந்து மீளப் பெறும் உரிமை

வீடு உடைக்கப்படலாம். சீட்டுப் பணம் மோசடி செய்யப்படலாம். தாக்குதலால் காயமுற்று வேலைக்குச் செல்ல இயலாமற் போகலாம். இவ்வாறு நேர்ந்த இழப்பைக் குற்றவாளியே செலுத்த வேண்டுமெனக் குற்றவியல் நீதிமன்று கட்டளையிட முடியும். இது மீளளிப்புக் கட்டளை எனப்படும். இதனைக் கோருவதற்கு நீங்கள் தனி வழக்குத் தொடர வேண்டியதில்லை. ஆயின், தண்டனை விதிக்கப்படுவதற்கு முன்னரே கோர வேண்டும்.

உரிமை யாருக்கு உண்டு?

2015 யூலை 23 முதல் நடைமுறையிலுள்ள கனடியப் பாதிக்கப்பட்டோர் உரிமைகள் சட்டத்தின்படி, மீளளிப்புக் கட்டளை பற்றி நீதிமன்று ஆராய வேண்டும் என்பது உங்கள் உரிமை. கனடாவில் இருக்கும் எவருக்கும் இது உண்டு. குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ கட்டாயமன்று. கட்டளை வழங்க மறுத்தால் நீதிபதி காரணம் கூற வேண்டும். குற்றவாளியிடம் பணமில்லை என்பது மட்டும் கட்டளைக்குத் தடையாகாது.

எவற்றைக் கோரலாம்?

எளிதிற் கணக்கிடக்கூடிய இழப்புகளைக் கோரலாம்:

• சேதமடைந்த அல்லது களவுபோன பொருளின் பெறுமதி
• உடற்காயத்தால் இழந்த வருமானமும் ஏற்பட்ட செலவுகளும்
• வன்முறை அல்லது அதன் அச்சுறுத்தல் காரணமாகக் குற்றவாளியின் வீட்டை விட்டு வெளியேறிய துணைவர், பிள்ளைகளின் தற்காலிகத் தங்குமிடம், உணவு, பிள்ளைப் பராமரிப்பு, போக்குவரத்துச் செலவுகள்
• அடையாளத் திருட்டைச் சரிசெய்யும் செலவு

மனவேதனைக்கான நட்டஈடு இதில் அடங்காது. அதற்கு உரிமையியல் வழக்குத் தொடரலாம். மீளளிப்புக் கட்டளை அவ்வழக்கைத் தடுக்காது.

செய்ய வேண்டியவை

மீளளிப்புக் கூற்றுப் படிவத்தைப் பொலிஸாரிடமோ, அரச வழக்குத்தொடுநரிடமோ, பாதிக்கப்பட்டோர் மற்றும் சாட்சிகள் உதவித் திட்டத்திடமோ கேளுங்கள். பற்றுச்சீட்டுகள், வங்கிக் கூற்றுகள், சம்பளப் பத்திரங்கள் ஆகியவற்றின் பிரதிகளை இணையுங்கள். சீட்டுப் பணத்தைக் கையிற் கொடுத்திருப்பின், கொடுத்த நாளையும் தொகையையும் எழுதி, குறிப்பேடு, தொலைபேசிச் செய்திகள் முதலியவற்றைச் சேர்த்துக் கொடுங்கள்.

ஸ்காபரோவில் நிகழும் குற்றங்கள் தொடர்பான வழக்குகள் 2023 முதல் பெரும்பாலும் ரொறன்ரோ நகர மையத்தில், 10 ஆர்மரி வீதியிலுள்ள ஒன்ராறியோ நீதிமன்றில் நடைபெறுகின்றன. தண்டனை விதிக்கப்படும் திகதியை முன்கூட்டியே கேட்டறியுங்கள்.

பணம் செலுத்தப்படாவிட்டால்

கட்டளை கிடைத்தது என்பதால் பணம் தானாக வந்து சேராது. உரிய காலத்தில் செலுத்தப்படாவிட்டால், கட்டளையை உரிமையியல் நீதிமன்றிற் பதிவு செய்யலாம். அதன்பின் அது உரிமையியல் தீர்ப்புக்கு நிகராகும். குற்றவாளியின் சம்பளத்திலிருந்து பணம் பெறவும் சொத்தின் மீது நடவடிக்கை எடுக்கவும் வழி பிறக்கும். இந்நடவடிக்கையை நீங்களே தொடங்க வேண்டும். குற்றவாளி வங்குரோத்து அடைந்து விடுவிக்கப்பட்டாலும் இக்கடன் நீங்காது. ஆகவே கட்டளையின் பிரதியைப் பத்திரமாக வைத்திருங்கள்.

அருகிலுள்ள உதவிச் சேவைகளை அறிய 211 என்னும் இலக்கத்தை அழைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமெனக் கூறுங்கள்.

இது பொதுத் தகவல் மட்டுமே. சட்ட ஆலோசனை அன்று.