பில் கவுன்டரில் பத்து இலக்கம்

"நம்பர் சொல்லுங்க." மருந்துக்கடையோ ஜவுளிக்கடையோ, பணத்தை எடுக்கும் முன்பே இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. பின்னால் வரிசை நிற்கிறது. எதற்கு என்று கேட்டால் நேரமாகும். ஒப்பித்துவிடுகிறோம், பக்கத்தில் நிற்பவர் காதிலும் விழும்படி.

பதிலுக்குக் கிடைப்பவை உண்மையான வசதிகள்தாம். பில் வாட்ஸ்அப்பில் வரும், புள்ளிகள் சேரும், காகிதம் தொலைந்தாலும் பொருளை மாற்றிக்கொள்ளலாம். பத்து இலக்கம்தானே என்று நினைப்பதில்தான் சிக்கல். வீடு மாறுகிறோம், வேலை மாறுகிறோம். வங்கி, ஆதார், சமையல் எரிவாயு என எல்லா இடத்திலும் பதிந்துவிட்ட எண்ணை மாற்ற மட்டும் மனம் வருவதில்லை. ஆண்டுக்கணக்கில் மாறாத அந்த எண்ணின் கீழ்தான் கடையின் கணினி நாம் வாங்கியதையெல்லாம் அடுக்குகிறது. மாதாமாதம் சர்க்கரை மாத்திரை. திடீரென்று ஒருநாள் குழந்தைக்கு டயப்பர். தனித்தனியே அற்ப விவரங்கள். சேர்த்துப் பார்த்தால் ஒரு வீட்டின் உடல்நிலையையும் வரவுசெலவையும் ஊகித்துவிடலாம். இரண்டு நிறுவனங்கள் பட்டியலைப் பகிர்ந்துகொண்டால், இரண்டையும் இணைக்க அந்த எண்ணே போதும்.

எண் கேட்டு வாடிக்கையாளரை வற்புறுத்த வேண்டாம் என்று 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வணிகர்களுக்கு அறிவுறுத்தியது. அந்த அறிவுரை இன்னும் பல கவுன்டர்களை எட்டவில்லை. (கவுன்டரில் இருக்கும் பெண்ணைக் கோபிப்பதில் பயனில்லை, எண்ணை வாங்கச் சொன்னது மேலிடம்.)

அதே ஆண்டு ஆகஸ்டில் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு மருந்துக்கடையையே உதாரணம் காட்டுகிறது. ரசீதை அனுப்பச் சொல்லி ஒருவர் தாமாக எண் கொடுத்தால், ரசீது அனுப்பக் கடை அதைப் பயன்படுத்தலாம். ஆடித் தள்ளுபடி விளம்பரத்துக்குத் தனிச் சம்மதம் வாங்க வேண்டும். கொடுத்தது போலவே சுலபமாக அதைத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும். தரவைப் பாதுகாப்பதில் கோட்டைவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகும். ஆனால், 2025 நவம்பரில் வெளியான விதிகள் இந்தக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்துவிட்டன.

வாரண்டி உள்ள ஃபிரிட்ஜுக்கு எண் கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. சோப்புக்கும் சர்க்கரை மாத்திரைக்கும் காகித பில் போதும். பில்லே தர மறுப்பது, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை.