ஒரே கரையில் இரு துறைமுகங்கள்

சென்னைத் துறைமுகத்துக்கு வடக்கே சுமார் 24 கிலோமீட்டரில் எண்ணூர்த் துறைமுகம் இருக்கிறது. மின்நிலையங்களுக்கு நிலக்கரி இறக்குவதற்காக 2001-இல் திறக்கப்பட்ட இது, 2014-இல் காமராஜர் துறைமுகம் எனப் பெயர் மாறியது. சென்னையில் நிலக்கரித் தூசியால் வடசென்னை மக்கள் அவதிப்பட, உயர் நீதிமன்ற உத்தரவால் 2011-இல் அச்சரக்கு அங்கே நின்று எண்ணூருக்குப் போனது. துணைத் துறைமுகமாக நினைக்கப்பட்டது, கார் ஏற்றுமதியிலும் கன்டெய்னரிலும் சென்னைக்கே போட்டியானது.

2020 மார்ச்சில் மத்திய அரசு வைத்திருந்த சுமார் 67 சதவீதப் பங்கை, ஏறத்தாழ 2,383 கோடி ரூபாய்க்குச் சென்னைத் துறைமுகமே வாங்கியது. அரசின் ஒரு பையிலிருந்து மறு பைக்குப் பணம் போனதுதான் இது என்றாலும், பயன் இல்லாமல் இல்லை. ஒரே வசதியை இரண்டு இடத்தில் கட்ட வேண்டாம். கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிக் கப்பல் நிறுவனங்கள் ஒன்றைக் காட்டி மற்றொன்றை மிரட்ட முடியாது. அமெரிக்காவில் சியாட்டிலும் டகோமாவும் 2015-இல் சரக்குப் பணிகளை இணைத்ததும் இதற்காகவே.

இதே ஒத்துழைப்பு தெற்கிலும் தேவை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டார ஆலைகளின் நூலுக்கும் மருத்துவ பேண்டேஜ் துணிக்கும் தூத்துக்குடியே அருகிலுள்ள பெரிய துறைமுகம். அங்கிருந்து கன்டெய்னர்கள் பெரும்பாலும் சிறு கப்பலில் கொழும்பு போய், பெரிய கப்பலுக்கு மாறுகின்றன. கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே மாதம் முறைப்படி திறக்கப்பட்டபின் இந்த மாற்றத்தை நம் கரையிலேயே செய்ய வழி பிறந்திருக்கிறது. தூத்துக்குடி மத்திய அரசுடையது, விழிஞ்ஞம் கேரள அரசின் திட்டம்; உடைமை வேறு என்றாலும், போட்டியிடாமல் இரண்டும் சரக்கைப் பங்கிட்டுக்கொள்வதே இந்த ஆலைகளுக்கு லாபம்.